குச்சியால் போட்ட நகம்

நாய் நடந்தால் நகம் மண்ணில் பதியும். பூனை இனம் நடந்தால் பதியாது. வீட்டுப் பூனையிலிருந்து புலி வரைக்கும் நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். இடைநிலைப் பள்ளியில் உயிரியல் கற்பித்த காலமெல்லாம் இதைப் பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு தோட்டத்து ஆட்களுக்கும் காய்கறிப் பண்ணைக்காரர்களுக்கும் கைப்பேசியில் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு மிக நன்றாகத் தெரிந்த இந்த ஒன்றை வைத்துத்தான் பொய் சொன்னேன். தெரியாமல் நடந்துவிட்டது என்று யாரும் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டியதில்லை என்பதற்காக இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

நான் இருப்பது தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பக்கத்தில், மகன் வீட்டில். அவன் தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். வீட்டுக்குப் பின்னால் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம், லயத்துக்குப் பின்னால் தேயிலை, தேயிலை ஏறி முடிகிற இடத்தில் காடு. அந்தக் காட்டில் சிறுத்தை உண்டு. இந்தப் பக்கத்துச் சிறுத்தைகள் பெரும்பாலும் கறுப்பாகவே இருக்கும். வேலை பார்த்த காலத்தில் வனவிலங்கு இலாகா நடத்திய பயிற்சிகளுக்கு விடுமுறை தோறும் போய் வந்தவன் நான். காட்டுக்குள் அவர்களோடு நடந்து, தடம், எச்சம், மரத்தில் கீறல் எல்லாவற்றையும் பார்க்கக் கற்றுக்கொண்டேன். அதனால் ஊரில் எனக்கு ஒரு பெயர் இருந்தது.

வாட்ஸ்அப்பில் படம் வரும். "சார், இது என்னா?" அளவு தெரிய வேண்டும், பக்கத்தில் ஒரு லைட்டரை வைத்து எடுங்கள் என்று சொல்லியிருந்தேன். கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெர்ரி விற்பவர் ஒருவர் லைட்டர் இல்லை என்று ஒரு பழத்தை வைத்து எடுத்து அனுப்பினார். லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் முட்டைக்கோஸ் போடுகிறவர் "புலி சார், புலி! கூலியாளுங்க எல்லாம் லோரி மேல ஏறி உக்காந்துட்டானுங்க" என்று குரல் செய்தி போட்டார். படத்தில் நாய்த்தடம். நகம் நன்றாகத் தெரிந்தது. "அவர்களை இறங்கச் சொல்லுங்கள், அது உங்கள் வீட்டு நாய்" என்று பதில் எழுதினேன். இப்படி நான் இறங்கச் சொன்னால் இறங்குவார்கள், ஏறச் சொன்னால் ஏறுவார்கள். அதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது என்பதையும் மறைக்கவில்லை.

நடந்தது இரண்டு வருடத்துக்கு முன்பு.

தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் எங்கள் முனீஸ்வரர் கோயில் இருந்தது. பெரிய மரம், அடியில் கல், இரும்புச் சூலம், மேலே தகரக் கூரை. அவ்வளவுதான். நான் கோயில் கமிட்டித் தலைவர். அந்த வருடம் புதிதாக வந்திருந்த மேனேஜர் என்னையும் பூசாரியையும் கூப்பிட்டுப் பேசினார். மேலே காட்டு மிருகத்தின் தடயம் ஒன்று தென்பட்டாலும் அந்தப் பாதையை மூடிவிடுவேன், கோயிலைத் தொழிற்சாலைப் பக்கம் இறக்கிவிடுங்கள் என்றார். யோசித்துப் பார்த்தால் நியாயமான பேச்சு. அன்றைக்கு எங்களுக்கு அது மிரட்டலாகத்தான் கேட்டது. பூசாரி தோட்டத்தில் மண்டோர், ஆட்களை வேலை வாங்குகிறவர். வெளியே வந்ததும், "இந்த தொர வந்து மூணு மாசம் ஆவல, முனிக்கே டிரான்ஸ்பர் குடுக்குறாரு" என்றார். இருவரும் சிரித்தோம்.

எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. என் மருமகளுக்குப் பல வருடம் குழந்தை இல்லை. குழந்தை பிறந்தால் முனிக்குக் கிடா வெட்டி, தாயே குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் மேலே படையல் வைப்பாள் என்று என் மனைவி நேர்ந்துகொண்டாள். குழந்தை உண்டான செய்தி தெரிவதற்குள் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். பெண் குழந்தை பிறந்தது. அதற்கு அப்படியே பாட்டியின் நெற்றி. சாமியிடம் எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது. ஆனால் அவள் சொன்னது அந்த மரத்தடியை. அங்கேதான் வைக்க வேண்டும் என்று மனதில் பிடிவாதமாக இருந்தேன். பூஜை ஞாயிற்றுக்கிழமைக்குக் குறித்தாகிவிட்டது.

பூஜை வாரத்தில் கோயில் முன்னால் தரையை மெழுகி வைப்பது வழக்கம். சாணம் கிடைப்பதில்லை என்பதால் செம்மண்ணைக் குழைத்து மெழுகுவோம். அந்த வேலையை லயத்தின் கடைசி வீட்டில் தனியாக இருக்கும் ஒரு அம்மாள் செய்வாள். தேயிலைக் கத்தரி பிடித்து வெட்டும் வேலை அவளுக்கு. துணைக்கு ஒரு கறுப்பு நாய் வைத்திருந்தாள். தினமும் மாலையில் மெழுகிவிட்டு வந்து, விடிந்ததும் விளக்கேற்ற மறுபடி ஏறுவாள். காலையில் மண் காய்ந்தும் காயாமலும் இருக்கும். அப்படிப்பட்ட மண்ணைப் போலத் தடம் பிடிப்பது வேறில்லை. இலாகாக்காரர்கள் இதற்காகவே பாதையில் மண்ணைச் சலித்துப் போடுவார்கள். நாங்கள் சாமிக்காகப் போட்டோம்.

திங்கட்கிழமை காலை அவள் வாசலில் வந்து நின்றாள்.

"சார், ஒரு எட்டு மேல வந்து பாருங்க. மெழுகுன எடத்துல என்னமோ நடந்துருக்கு."

"நாயாக இருக்கும்மா."

"நானும் நாயி வச்சிருக்கேன் சார். நாயின்னா எனக்குத் தெரியாதா?"

பூசாரியும் கூட வந்தார். பாதை முழுக்க அவளைச் சீண்டிக்கொண்டே ஏறினார். "அக்கா போன்ல பேய்ப்படமா பாக்குது சார். எலி ஓடுனாலும் புலிங்குது, லா."

"ஒன் வாயில மெழுகி வச்சிருந்தா ஒன் தடம்தான்டா நெறைய இருக்கும்" என்றாள் அவள்.

மேலே போனதும் மூன்று பேரும் நின்றுவிட்டோம்.

தரையின் ஓரத்திலிருந்து சூலம் வரை ஒரு வரிசை. பிறகு வலப்பக்கம் திரும்பிக் காட்டுக்குள். நான் உட்கார்ந்து பார்த்தேன். நான்கு விரல். நகம் எங்கும் இல்லை. விரல்களில் ஒன்று மற்றவற்றைவிடச் சற்று முன்னால் நின்றது, நம் கையில் நடுவிரல் நிற்பது போல. நாய்க்கு இப்படி இருக்காது. நாய்த்தடத்தின் நடுவில் கோடு கிழித்தால் இரண்டு பாதியும் ஒன்றாக இருக்கும். உள்ளங்காலின் பின்விளிம்பில் மூன்று மடிப்பு. என் உள்ளங்கையை மேலே வைத்துப் பார்த்தேன். புலிக்குச் சிறியது. பூனைக்கு மிகப் பெரியது. பின்கால் முன்கால் தடத்தின் மேலேயே பட்டிருந்தது. அவசரம் இல்லாமல் நடந்திருக்கிறது.

"வாசம் பாருங்க சார்" என்றாள் அந்த அம்மாள். "யாரோ நாசி லெமாக் வச்ச மாதிரி. சாமி வந்துட்டுப் போயிருக்காரு."

"ஆமா, பாண்டான் எல வாசம்" என்றார் பூசாரி, கன்னத்தில் போட்டுக்கொண்டே.

சிறுத்தையும் புலியும் எல்லை குறிக்க மரத்தில் பீய்ச்சும்போது வருகிற வாசம் அது. நாசி லெமாக்குக்குத் தேங்காய்ப்பாலும் பாண்டான் இலையும் போட்டு வேகவைத்த சோற்று வாசம். முதல்முறை முகர்பவர்கள் யாரோ சமைக்கிறார்கள் என்று நினைப்பார்கள். மரத்தின் பின்பக்கம் என் இடுப்பு உயரத்தில் பட்டை ஈரமாக இருந்தது. காலையில்தான் நடந்திருக்கிறது.

சொல்லியிருக்க வேண்டியது ஒரே வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் மத்தியானத்துக்குள் பாதையில் சங்கிலி போட்டிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பூஜை இல்லை. என் மனைவியின் சொல் மரத்தடிக்குப் போகாது.

"அந்தப் பக்கம் ஏதாவது தெரிகிறதா, போய்ப் பாருங்கள்" என்றேன். இருவரும் திரும்பிப் பத்தடி நடந்தார்கள். நான் பக்கத்துத் தேயிலைச் செடியில் ஒரு குச்சியை ஒடித்தேன். முதல் தடத்தில் நான்கு விரலுக்கும் முன்னால் நான்கு குத்து. அடுத்ததிலும் அப்படியே. மூன்றாவதிலும். மற்றவற்றைச் செருப்பால் தேய்த்தேன். பலகையில் வரைந்து வரைந்து பழகிய கை, நகம் எந்தச் சாய்வில் விழும் என்று அதற்குத் தெரியும்.

"வந்து பாருங்கள்" என்று கூப்பிட்டேன். "நகம் தெரிகிறதா? நாய்தான்."

பூசாரி குனிந்து பார்த்துவிட்டுக் கைதட்டினார். "அக்கா! ஒன் கருவாயன்தான்! முனிக்கு வச்ச சுருட்டப் புடிச்சுப் பாக்க வந்திருக்கான்."

"என் நாயி வாசல உட்டு நகராது."

"அப்ப நகம் எங்கேருந்து வந்துச்சு? சாரே சொல்றாரு, லா."

அவள் தரையைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள் என்றே இப்போது தோன்றுகிறது.

"சார் சொன்னா சரி" என்றாள்.

"பூச முடியிற வரைக்கும் அத கட்டிப் போடு. சாமி எடத்துல நாயி நடந்து சுத்தம் கெட்டுச்சுன்னா அப்புறம் என்னையக் கேக்காத" என்றார் பூசாரி. நான் மறுத்துப் பேசவில்லை. அன்று மாலை அவள் வீட்டைத் தாண்டிப் போனபோது நாய் குழாயடிக் கம்பத்தில் சங்கிலியோடு நின்றது. கட்டிப் பழக்கமில்லாத நாய். என்னைப் பார்த்து வாலை ஆட்டியது.

அடுத்த நாளிலிருந்து அவள் ஏறுவதற்கு முன்பே, வெளிச்சம் வந்ததும் நான் ஏறினேன். காலைநடை என்று வீட்டில் சொன்னேன். தினமும் ஏதாவது இருந்தது. ஒருநாள் பாதையோரத்தில் இலைகளைப் பின்னங்காலால் பின்னுக்குத் தள்ளிய இரண்டு நீளக் கோடுகள், முடிவில் சிறு குவியல். அதுவும் எல்லை குறிப்பதுதான். ஒருநாள் தேயிலை வரிசைக்கு நடுவில் எச்சம். முறுக்கிக்கொண்டு, ஒரு முனை கூராக, உள்ளே குரங்கு முடி. கோடுகளைக் காலால் கலைத்தேன். எச்சத்தை இலையில் எடுத்துப் பள்ளத்தில் எறிந்தேன். மெழுகிய தரையில் தடம் இருந்தால் ஈரத்துணியால் துடைத்துச் சமப்படுத்தினேன். வேலையை முடித்துவிட்டு, அந்த அம்மாள் வருகிற சத்தம் கேட்பதற்குள் இறங்கிவிடுவேன்.

வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது. முந்தின நாள் நான் இறங்கிவந்த பாதையில் என் பூட்ஸ் தடம் மண்ணில் பதிந்திருந்தது. அதன் மேல், குதிகால் பள்ளத்துக்குள்ளேயே, சிறுத்தையின் தடம். இறங்குகிற திசையில். அடுத்த பூட்ஸ் தடத்தின் மேலும் ஒன்று. லயத்தின் கூரைகள் தெரிகிற வளைவு வரைக்கும் என் பின்னாலேயே வந்து, அங்கே நின்று, பக்கவாட்டில் தேயிலைக்குள் போயிருந்தது. எவ்வளவு நேரம் கழித்து வந்தது என்று தெரியாது. நான் வளைவில் நின்று மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன். பனி ஏறிக்கொண்டிருந்தது. தேயிலைச் செடி ஒவ்வொன்றும் அது பதுங்குகிற அளவுக்குத்தான் இருந்தது.

அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். சொன்னால் திங்கட்கிழமையையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் பாதி வழி தேடினேன். பூஜையைப் பொழுது சாய்ந்து வைக்க வேண்டாம், உச்சிவேளையில் வைப்போம் என்றேன். உறுமியும் மேளமும் நிறைய வேண்டும் என்றேன். யாரும் தனியாக ஏறக் கூடாது என்றேன்.

"என்னா சார், எப்பவும் சாயங்காலம்தானே?" என்றார் பூசாரி.

"குழந்தை வருகிறது. குளிர் தாங்காது."

அன்று இரவு சாப்பிடும்போது மருமகள் கேட்டாள். "மாமா, மேல ஒண்ணும் இல்லல்ல? அந்த அக்கா ஒரு மாதிரி பேசிச்சு."

"நாய்மா."

"அப்ப சரி. நீங்க சொன்னப்புறம் நான் கூகுள்ல தேட மாட்டேன்" என்று சிரித்துக்கொண்டே குழந்தைக்குச் சோறு ஊட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை. தோட்டமே ஏறியது. மேளம், உறுமி, பிரிஞ்சாங் டவுனிலிருந்து வாங்கிவந்த பூ, கிடா. அத்தனை சத்தத்தில் எந்த மிருகமும் பக்கத்தில் இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கிடா வெட்டினார்கள். செம்மண் தரையில் இரத்தம் ஓடி வேரோரம் தேங்கியது. அதைப் பார்த்ததும்தான், இவ்வளவு படித்தவன் இதை ஏன் யோசிக்கவில்லை என்று உறைத்தது. சத்தம் விரட்டும், சரி. சத்தம் ஓய்ந்த பிறகு இரத்தம் கூப்பிடும்.

எங்கள் தோட்டத்து வழக்கத்தைச் சொல்ல வேண்டும். பூஜை முடிந்ததும் எல்லோரும் முதலில் இறங்கிவிடுவார்கள். பாதை வளைகிற இடத்தில் கீழ்நோக்கிப் பார்த்தபடி நிற்பார்கள். மேளம் நின்றுவிடும். நேர்ந்துகொண்டவர் மட்டும் மேலே இருந்து, சமைத்த இறைச்சியும் சோறும் சுருட்டும் வைத்த தட்டை மரத்தடியில் வைத்துவிட்டு இறங்கி வர வேண்டும். வரும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது. முனி அப்போதுதான் சாப்பிட வருவார். பார்த்தால் நேர்ச்சை பலிக்காது. கீழே நிற்பவர்களும் பார்க்கக் கூடாது. நேர்ந்தவர் வந்து சேர்ந்ததும் மேளம் மறுபடி தொடங்கும்.

என் மனைவி நேர்ந்தபடி மருமகளும் குழந்தையும் மட்டும் மேலே தங்கினார்கள். மேளம் நின்றது. கறி வெந்து முடிவதற்குள் பிற்பகலாகி, பனி இறங்கியிருந்தது. நான் எல்லோருக்கும் பின்னால், மேல்பக்கத்தில் கடைசியாக நின்றேன். எல்லோரும் தொழிற்சாலைக் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரோ இருமினார்கள். பிறகு மரத்து மேலே குரங்குகள் கத்தத் தொடங்கின. குரங்கு சண்டை போடுகிற சத்தம் வேறு. இது ஒரே மாதிரி, விட்டு விட்டு, எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக் கத்துகிற சத்தம். கீழே எதையோ பார்த்துவிட்டால்தான் அப்படிக் கத்தும். சட்டென்று அதுவும் நின்றது. காற்று மேலிருந்து இறங்கியபோது பாண்டான் வாசம் வந்தது.

நான் திரும்பிப் பார்த்தேன்.

மருமகள் இறங்கி வந்துகொண்டிருந்தாள். தலையைக் குனிந்து, ஈரத்தில் வழுக்காமல் ஒவ்வொரு அடியாக. குழந்தை இடுப்பில், முகம் அவள் தோளுக்கு மேலே பின்பக்கம் பார்த்தபடி. குழந்தைக்கு யாரும் வழக்கம் சொல்லித் தரவில்லை. அது கோயிலைப் பார்த்துச் சிரித்தது. கையை நீட்டிக் காட்டியது.

அது காட்டிய இடத்தைப் பார்த்தேன். மரத்தின் நிழலுக்குள் இன்னொரு நிழல், அதைவிடக் கறுப்பாக. கண் பழகியதும் தோள்பட்டை தெரிந்தது. தலை தட்டுக்கு மேலே தாழ்ந்திருந்தது. பிறகு தலை நிமிர்ந்தது. தட்டை விட்டுவிட்டு, இறங்கிப் போகிறவளைப் பார்த்தது.

செய்ய வேண்டியதை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். முதுகைக் காட்டாதே. ஓடாதே. கையை விரித்து உருவத்தைப் பெரிதாக்கு. அடித்தொண்டையில் கத்து. நான் கத்தியிருந்தால் பின்னால் நாற்பது ஐம்பது பேர், மேளக்காரர்கள் உள்பட, திரும்பியிருப்பார்கள். அது ஓடியிருக்கும். அநேகமாக ஓடியிருக்கும்.

நான் கத்தவில்லை.

கத்தினால் அவள் பயந்து ஓடுவாள், வழுக்கி விழுவாள், அதனால்தான் கத்தவில்லை என்று பல மாதம் எனக்கே சொல்லிப் பார்த்தேன். அந்த யோசனையும் வந்தது, உண்மைதான். ஆனால் அது இரண்டாவதாக வந்தது. முதலில் வந்தது, எல்லோரும் திரும்பினால் பார்த்துவிடுவார்கள் என்பது. நாய் என்று சொன்னவன் நான்.

அவள் நடந்தாள். அது ஒரு அடி முன்னால் வைத்தது. கால் செம்மண்ணில் பதிவதை அந்தத் தூரத்திலிருந்தும் பார்த்தேன் என்று நினைக்கிறேன். மனம் சேர்த்துக்கொண்டதாகவும் இருக்கலாம். குழந்தை கையை ஆட்டியது. சிறுத்தை நின்று பார்த்தது. பனி ஒரு சுற்றுச் சுற்றி நடுவில் விழுந்தது. பனிக்குள்ளிருந்து மருமகள் மட்டும் வந்தாள்.

"முடிஞ்சிச்சு மாமா" என்றாள். மேளம் வெடித்தது. "பாப்பா என்னமோ பாத்துச் சிரிச்சுக்கிட்டே வந்துச்சு."

"குரங்காக இருக்கும்" என்றேன்.

கீழே பந்தியில் கறியைத் தொடாமல் இலையின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தேன். "சார் சைவமாயிட்டாரு, அவரு பங்க இங்க தள்ளு, லா" என்று பூசாரி பக்கத்து இலைக்காரரிடம் சத்தமாகச் சொன்னார். சிரித்தார்கள். எதிர்வரிசையில் அந்த அம்மாள் எலும்புகளை ஒரு இலையில் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். நாய்க்கு. பூஜை முடிந்துவிட்டதே, அவிழ்த்துவிடட்டுமா என்று பூசாரியைக் கேட்டாள். "நாளைக்கு சூலம் கழுவணும்க்கா, அது முடியட்டும்" என்றார் அவர். நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை அவள் வாசலில் நின்றாள். கையில் சங்கிலி இருந்தது. முனையில் அறுந்த தோல்பட்டை.

"வந்து பாருங்க சார்" என்றாள்.

குழாயடியில் ஆட்கள் சேர்ந்திருந்தார்கள். பூசாரி ஒருபக்கம் நின்றார். என் மருமகளும் குழந்தையோடு வந்துவிட்டாள். கம்பத்தைச் சுற்றி மண் உழுதது போலக் கிடந்தது. சங்கிலி எட்டுகிற வட்டத்துக்குள் மட்டும். இரத்தம் அதிகமில்லை. அங்கிருந்து ஒரு இழுவைத் தடம், புல்லைச் சாய்த்து, இரண்டு தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஏறியது. செடியில் கறுப்பு முடி. குழாயிலிருந்து வழிந்த தண்ணீரில் நனைந்த மண்ணில் தடங்கள் அச்சாகப் பதிந்திருந்தன.

"சார்" என்றாள் அவள். "இதுல நகம் எங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"இது சிறுத்தை" என்றேன். "அன்றைக்கு மேலே பார்த்ததும் இதுதான். அந்த நகம் நான் போட்டது. குச்சியால் குத்தினேன்."

"என்னா சார், வெளையாடுறீங்களா?" என்றார் பூசாரி. அவர் குரலே அவருடையதாக இல்லை.

"இல்லை. உங்களை அந்தப் பக்கம் பார்க்கச் சொன்னபோது குத்தினேன்."

அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்விட்டார். அந்த அம்மாள் அழவில்லை, திட்டவில்லை. சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டே, "அவுத்து விட்டிருந்தா ஓடியிருக்கும் சார்" என்றாள். "அது நல்லா ஓடும்."

மேனேஜரிடம் நானே போய்ச் சொன்னேன். பாதையை மூடினார்கள். இலாகாக்காரர்கள் வந்து கூண்டு வைத்தார்கள். அது கூண்டுக்குள் வரவில்லை, காட்டுக்குள் போய்விட்டது என்றார்கள். கோயில் தொழிற்சாலைப் பக்கம் இறங்கியது. சூலத்தைப் பூசாரி தனியாகத் தூக்கி வந்தார். நான் ஒரு கை பிடிக்கப் போனேன். "வேணாம் சார், நான் பாத்துக்கிறேன்" என்றார். கமிட்டியிலிருந்து விலகினேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

நகத்தைப் பற்றித்தான் அன்றைக்குச் சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை. மருமகள் அதைத் தானாகவே வந்து கேட்டாள். சில நாள் கழித்து, மகன் வேலைக்குப் போன பிறகு. குழந்தை என் மடியில் உட்கார்ந்து என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தது.

"மாமா, அன்னைக்கு நான் எறங்கி வர்றப்போ நீங்க மட்டும் என்னையப் பாத்துக்கிட்டு நின்னீங்க. எல்லாரும் அந்தப் பக்கம் பாத்தாங்க."

"ஆமாம்."

"எனக்குப் பின்னால இருந்துச்சா?"

பனி இருந்தது, சரியாகத் தெரியவில்லை என்று சொல்லலாம். அவள் நம்பியிருப்பாள். நம்புவதற்காகவே கேட்டது போல் இருந்தது.

"இருந்தது" என்றேன். "பார்த்தேன்."

"பாத்துட்டு சும்மா நின்னீங்களா?"

"சும்மா நின்றேன்."

அவள் குனிந்து, என் சட்டையிலிருந்து குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அதன் பிறகு என் சாப்பாட்டில் ஒரு குறையும் வைக்கவில்லை. நேரத்துக்கு மருந்து எடுத்துத் தருகிறாள். ஆனால் குழந்தையை என்னிடம் விட்டுவிட்டு வெளியே போவதில்லை. கடைக்குப் போனாலும், துணி காயப்போடப் பின்பக்கத்து மேட்டுக்குப் போனாலும், இடுப்பில் தூக்கிக்கொண்டே போகிறாள். மகன் ஒருநாள், "அப்பாதான் சும்மா இருக்காருல்ல" என்றான். அவள் காரணத்தைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இப்போது இதை எழுதிவிட்டேன், அவன் படிப்பான்.

கைப்பேசியில் படம் வருவது நின்றுவிட்டது. லெம்பா பெர்த்தாம்காரர் மட்டும் தீபாவளிக்கு வாழ்த்து அனுப்புகிறார்.

போன வாரம் அந்த அம்மாள் வந்தாள். இரண்டு வருடத்தில் முதல்முறை. வாசலுக்கு வெளியிலேயே நின்றாள். நாற்றுப் பண்ணைக்குப் பக்கத்தில், ஆட்கள் நடக்கிற பாதையில் தடம் இருக்கிறது, இலாகாக்காரர் வர நேரமாகும் போலிருக்கிறது, அதற்குள் பெண்டுகள் வேலைக்கு இறங்குவதா வேண்டாமா என்று தெரியவில்லை என்றாள். மருமகள் உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். நான் கைத்தடியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். இப்போது அது இல்லாமல் சரிவில் நடக்க முடிவதில்லை.

தடத்துக்குப் பக்கத்தில் போனதும் அவள் என்னை மறித்துக்கொண்டு நின்றாள்.

"கையில இருக்குற குச்சியக் கீழ போடுங்க சார்."

போட்டேன். மண்ணில் கையை ஊன்றி மெதுவாக உட்கார்ந்தேன். நான்கு விரல், இரண்டு பக்கமும் ஒரே அளவு. முன்னால் நகம், ஆழமாக, மழுங்கி. கல்லில் நடந்து தேய்ந்த நகம் அப்படித்தான் பதியும்.

"நாய்தான்" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சேலை முந்தானையில் முடிந்திருந்த லைட்டரை எடுத்துத் தடத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படம் பிடித்து, இலாகாக்காரருக்கு அனுப்பினாள். பதில் வரும்வரை இரண்டு பேரும் அங்கேயே நின்றோம்.